இருமினாலே பயம்: கல்நார் வேலை பார்த்தவர்களின் மனநலம் பற்றிப் பேசுவோம்

(தொழிலாளர் நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு கல்நார். ஆஸ்பெஸ்டாஸ். நம்ம ஊரில் 'சிமெண்ட் ஷீட்' என்று சொன்னால்தான் எல்லாருக்கும் சட்டென்று புரியும். வழக்கமாக இந்தத் தலைப்பில் பேச வருபவர்கள் நுரையீரலைப் பற்றிப் பேசுவார்கள். நான் இன்றைக்கு நுரையீரலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு மனசைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஏன்னா, நுரையீரலைப் பார்க்க எக்ஸ்ரே இருக்கு, ஸ்கேன் இருக்கு. மனசு எப்படி இருக்குன்னு அந்தத் தொழிலாளியை யாரும் கேட்கிறதே இல்லை.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கல்நார் தூசியைச் சுவாசித்தவருக்கு அன்றைக்கே ஒன்றும் ஆகாது. அடுத்த வருஷமும் ஒன்றும் ஆகாது. மீசோதெலியோமா என்று ஒரு புற்றுநோய் இருக்கிறது. நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் வருவது. தூசி உள்ளே போன நாளிலிருந்து அது தலைகாட்ட 20 வருஷம் ஆகலாம், 30 ஆகலாம், 50 வருஷமும் ஆகலாம். அதாவது 25 வயசில் ஷீட் அறுத்தவருக்கு, பேரன் பேத்தி எடுத்த பிறகு 65 வயசில் நோய் வரலாம். வராமலும் போகலாம். தூசியில் நின்றவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்தப் புற்றுநோய் வருவதில்லை, அதையும் இங்கேயே அழுத்திச் சொல்கிறேன். ஆனால் யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டியே சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. வந்துவிட்டால் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வருஷத்துக்கு மேல் தாங்குவது கடினம்.

இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். வருமா வராதா தெரியாது. எப்போ வரும் தெரியாது. வந்தால் மீள்வது அரிது. இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் 30 வருஷம் எப்படித் தூங்குவான்?

மார்கழிப் பனியில் எல்லாருக்கும் சளி பிடிக்கும். நமக்கு அது சளி. அவருக்கு அது விசாரணைக் கைதியைக் கூப்பிடுகிற மணி. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால் நாம் 'வயசாயிருச்சு' என்று சிரித்துவிட்டுப் போவோம். அவர் அன்றைக்கு ராத்திரி முழுக்க விழித்திருப்பார். கூட வேலை பார்த்தவர் ஒருவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால், மாலை வாங்கிக்கொண்டு போவார். ஆனால் அந்தச் சாவு வீட்டில் அவர் மனசு கேட்பது ஒரே கேள்விதான்: 'எதுல போனாரு?' மாரடைப்பு என்று சொன்னால் ஒரு நிம்மதி வரும். நிம்மதி வந்ததை நினைத்து வெட்கமும் வரும். இதை அவர் மனைவியிடம் சொல்ல மாட்டார். டீக்கடையில் சொல்லவே மாட்டார். நம்ம ஆம்பிளைங்களுக்குத் தெரிஞ்ச ஒரே மருந்து, பேசாம இருக்கிறது. இல்லேன்னா டாஸ்மாக்.

சிலர் வருஷத்துக்கு மூன்று தடவை ஸ்கேன் எடுக்க ஓடுவார்கள். வேறு சிலர் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டார்கள், 'போனா ஏதாச்சும் சொல்லிருவாங்க' என்று. பார்ப்பதற்கு இரண்டும் எதிரெதிராகத் தெரியும். உள்ளே இருப்பது ஒரே பயம்.

'நோயே வரலையே, அப்புறம் என்ன பாதிப்பு?' என்று கேட்பவர்கள் உண்டு. முதலாளிகள் கேட்பார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கும். சில நேரம் நம்ம வீட்டு ஆட்களே கேட்பார்கள். இந்தக் கேள்வி உலகத்தின் பெரிய நீதிமன்றங்கள் வரைக்கும் போயிருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் கோரிக்கை அங்கிருந்துதான் வரப்போகிறது.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் கிராண்ட் சென்ட்ரல் என்று ஒரு பிரம்மாண்டமான ரயில் நிலையம். அதன் அடியில் சுரங்க வழிகளில் ஓடும் நீராவிக் குழாய்களுக்குக் கல்நார் சுற்றியிருந்தது. 1980களில் அங்கே குழாய் வேலை பார்த்தவர்கள் வெளியே வரும்போது தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக வருவார்கள். அதனால் அவர்களுக்கு 'கிராண்ட் சென்ட்ரலின் பனி மனிதர்கள்' என்றே பட்டப்பெயர். அதில் ஒருவர், தான் சுவாசித்தது என்ன என்று தெரிந்துகொண்ட பிறகு, பயத்தில் வாழ்கிறேன் என்று ரயில்வே நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். 1997இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்: நோயின் அறிகுறி இல்லாதவரை பயத்துக்கு மட்டும் இழப்பீடு இல்லை. ஆறு வருஷம் கழித்து, 2003இல், அதே நீதிமன்றம் வேறொரு ரயில்வே வழக்கில் ஒரு கதவைத் திறந்தது. ஆஸ்பெஸ்டோசிஸ் என்ற நுரையீரல் நோய் ஏற்கெனவே வந்துவிட்ட தொழிலாளி, 'அடுத்து புற்றுநோய் வருமோ' என்ற பயத்துக்கும் சேர்த்து இழப்பீடு கேட்கலாம் என்றது. நீதிபதிகள் 5க்கு 4 என்று பிரிந்து நின்ற தீர்ப்பு.

பிரிட்டனில் நடந்தது இன்னும் மனசை உறுத்துவது. 1960களில் கல்நாரோடு வேலை செய்த ஒருவருக்கு 2000ஆம் ஆண்டில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். நுரையீரல் உறையில் தடிப்புகள் தெரிகின்றன. அந்தத் தடிப்பு வலிக்காது, மூச்சையும் அடைக்காது. ஆனால் 'உன் உடம்புக்குள் கல்நார் இருக்கிறது' என்பதற்கு அது சாட்சி. அந்தச் செய்தியைக் கேட்ட மனிதர் மனச்சோர்வு நோயில் விழுந்துவிட்டார். சும்மா கவலை இல்லை, மருத்துவர்களே நோய் என்று உறுதி செய்த மனச்சோர்வு. 2007 அக்டோபரில் பிரபுக்கள் சபை, அப்போது அதுதான் அங்கே உச்ச நீதிமன்றம், அவருக்கு இழப்பீடு கிடையாது என்று தீர்ப்பளித்தது. தடிப்பு ஒரு காயம் அல்ல என்றார்கள். வரக்கூடிய ஆபத்தை நினைத்து இப்படி உடைந்துபோவார் என்று முதலாளி எதிர்பார்த்திருக்க முடியாது என்றும் சொன்னார்கள்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும், தோழர்களே. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 'இது எங்களுக்குச் சரிப்படாது' என்று 2009இல் தனிச் சட்டம் போட்டது. தடிப்பு இருந்தாலே வழக்குத் தொடுக்கலாம் என்று ஆக்கியது. கப்பல் கட்டும் தளங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த மக்கள் இருக்கும் மண் அது. 2011இல் வட அயர்லாந்தும் அதேபோல் சட்டம் செய்தது. நீதிமன்றத்தில் தோற்றதைச் சட்டமன்றத்தில் ஜெயித்தார்கள். அரசியல் எதுக்குன்னு சில பேர் கேட்கிறாங்களே, இதுக்குத்தான்.

பிரான்ஸ் இன்னும் நேராகவே போனது. 2010 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கல்நார் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் எந்த நேரத்திலும் நோய் வரலாம் என்ற ஓயாத கவலையில் வாழ்கிறார்கள், அந்தக் கவலையே ஒரு இழப்பு, அதற்கு முதலாளி ஈடு கொடுக்க வேண்டும் என்றது. நோய் வந்திருக்க வேண்டியதில்லை. முதலில் அரசுப் பட்டியலில் இருந்த குறிப்பிட்ட ஆலைகளின் தொழிலாளர்களுக்கு மட்டும்தான் இது கிடைத்தது. 2019 ஏப்ரலில் பட்டியலுக்கு வெளியே இருந்தவர்களும் கேட்கலாம் என்று விரித்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில், லொரேன் பகுதியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் போட்ட வழக்கில், கல்நார் மட்டுமில்லை, மற்ற நச்சுப் பொருட்களுக்கும் இது பொருந்தும் என்றது நீதிமன்றம். பயம் என்பது ஒருவனுடைய கோழைத்தனம் அல்ல, அவன் மேல் ஏற்றப்பட்ட சுமை என்று ஒரு நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் பணத்தைவிட இந்த ஒப்புதல்தான் பெரிசாகப் படுகிறது.

இப்போது தாய்மார்கள் கொஞ்சம் கவனியுங்கள். இந்தத் தூசி ஆலையோடு நிற்பதில்லை. சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். அந்தச் சட்டையை உதறித் துவைத்த மனைவிக்கு, வேலையிலிருந்து வந்ததும் அப்பா மடியில் ஏறிக்கொண்ட பிள்ளைக்கு, பல வருஷம் கழித்து மீசோதெலியோமா வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. தனக்கு நோய் வரும் என்ற பயத்தோடு வாழ்ந்துவிடலாம். 'நான் சம்பாதிக்கப் போய் என் பொண்டாட்டிக்கு இதைக் கொண்டுவந்து கொடுத்துட்டேனே' என்ற எண்ணத்தோடு வாழ்வது வேற. அந்த மனிதனிடம் நாம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஐயா, நீங்கள் கொண்டுவரவில்லை. ஆபத்து தெரிந்தும் உங்களுக்குச் சொல்லாதவர்கள், மாற்று உடை தராதவர்கள், குளிக்க இடம் தராதவர்கள் கொடுத்து அனுப்பியது அது. இதை ஒரு தடவை சொன்னால் போதாது. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஆள் வேண்டும்.

இத்தாலியில் கசாலே மொன்ஃபெராத்தோ என்று ஒரு ஊர். ஏறத்தாழ 35,000 பேர் வாழும் சின்ன ஊர். அங்கே எட்டர்னிட் கல்நார் சிமெண்ட் ஆலை ஏறத்தாழ 80 வருஷம் ஓடி, 1986இல் மூடப்பட்டது. ஆலைக் கழிவுத் தூசியை ஊர்க்காரர்கள் வாங்கிக்கொண்டுபோய் முற்றத்தில் கொட்டினார்கள், பாதை போட்டார்கள், வெப்பம் தாங்கக் கூரைக்கு அடியில் பரப்பினார்கள். விளைவு, ஆலைக்குள் காலே வைக்காதவர்களும் செத்தார்கள். ரோமானா பிளாசோத்தி பவேசி என்ற அம்மா கணவரை இழந்தார். அதன்பின் தங்கை, மருமகன் முறையில் ஒருவர், ஒன்றுவிட்ட உறவில் ஒருவர், கடைசியில் பெற்ற மகள். எல்லாரையும் இதே நோய் கொண்டுபோனது. அந்த அம்மாதான் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் சங்கத்துக்குத் தலைமை தாங்கிப் பல ஆண்டுகள் போராடினார்.

2012இல் துரின் நீதிமன்றம் ஆலை முதலாளிகள் இருவருக்கு 16 வருஷச் சிறைத் தண்டனை விதித்தது. உலகமே திரும்பிப் பார்த்த தீர்ப்பு. 2014இல் நாட்டின் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம், வழக்குக்கான காலவரையறை கடந்துவிட்டதாம்! வெளியே வர 40 வருஷம் எடுத்துக்கொள்ளும் நோய்க்குக் காலவரையறை பார்க்கிறார்கள். இதைக் கேட்டு அந்த ஊர் மக்கள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?

ஆனால் அந்த ஊர் இன்னொன்றையும் செய்தது. அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். துரின் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் அந்தொனெல்லா கிரானியேரியும் அவருடைய குழுவினரும் அங்கே போய், நோயாளிகளையும் அவர்கள் குடும்பத்தாரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசும் குழுக்களை நடத்தினார்கள். தனித்தனியாக ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் பூட்டிக்கிடந்த பயம் பொது இடத்துக்கு வந்தது. ஆலை இருந்த இடத்தை 2016இல் பூங்காவாக்கி, அதற்கு 'எட்டர்நாட்' என்று பெயர் வைத்தார்கள். ஆலையின் பெயரையே எடுத்து 'இல்லை' என்ற அர்த்தம் வரும்படி திருப்பிப்போட்ட பெயர். பிள்ளைகள் அங்கே விளையாடுகின்றன.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

உலகத்தில் 60க்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாம்? கல்நாரைத் தோண்டி எடுக்கப் புதிய குத்தகை கொடுப்பதை 1980களிலேயே நிறுத்திவிட்டோம். ஆனால் ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருஷத்துக்கு 3 லட்சம் டன்னுக்கும் மேல் இறக்குமதி செய்கிறோம். இன்றைக்கு உலகத்திலேயே அதிகமாக இறக்குமதி செய்கிற நாடு நாம்தான். சொந்த மண்ணில் தோண்டுவது ஆபத்து, வெளிநாட்டுச் சாக்கில் வந்தால் ஆபத்தில்லை. என்ன கணக்கோ!

தொழிலாளி என்றால் ஷீட் ஆலையில் இருப்பவர் மட்டும் என்று நினைக்காதீர்கள். கட்டடத்தில் ஷீட்டை மிஷின் போட்டு அறுத்தவர், பழைய கூரையை உடைத்துப் பிரித்தவர், அனல்மின் நிலையத்தில் பாய்லர் லேகிங் வேலைக்குக் காண்ட்ராக்டில் போனவர், ரயில்வே பணிமனையில் இருந்தவர், கப்பல் உடைக்க குஜராத்தின் அலங் வரைக்கும் போனவர். அப்புறம் நம்ம ஒர்க்‌ஷாப் பையன்கள். பிரேக் டிரம்மைக் கழற்றி ஏர் அடிச்சுத் தூசியை ஊதுறாங்களே, பழைய பிரேக் லைனர்களில் கல்நார் இருந்தது. யாராவது அவர்களிடம் சொன்னோமா?

1995 ஜனவரி 27ஆம் தேதி நம் உச்ச நீதிமன்றம் ஒரு மிக நல்ல தீர்ப்பைக் கொடுத்தது. கல்நார்த் தொழிலாளர்கள் சம்பந்தமான பொதுநல வழக்கு. தொழிலாளியின் உடல்நலம், அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிபதி கே.ராமசாமி எழுதினார். ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டு 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரைக்கும் ஆலை பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்று உத்தரவு. முப்பது வருஷம் ஆச்சு. இந்தக் கூட்டத்திலேயே கேட்கிறேன், உங்களில் எத்தனை பேர் கையில் அந்தப் பதிவேட்டின் நகல் இருக்கு? கையைத் தூக்குங்க பார்ப்போம்.

...பார்த்தீர்களா.

பதிவேடு இல்லாதது வெறும் காகிதப் பிரச்சினை இல்லை, மனப் பிரச்சினையும்தான். எவ்வளவு தூசி சுவாசித்தோம், எத்தனை வருஷம், நெஞ்சு அப்போது எப்படி இருந்தது, ஒன்றுமே தெரியாதவனுக்குப் பயத்துக்கு எல்லையே இருக்காது. கையில் ஒரு தாள் இருந்தால், ஒரு மருத்துவர் உட்கார்ந்து 'உங்க அபாயம் இவ்வளவுதான், இந்த அறிகுறி வந்தா மட்டும் வாங்க' என்று பத்து நிமிஷம் பேசினால், பாதிப் பாரம் இறங்கிவிடும். அந்தத் தீர்ப்பின் உத்தரவுகளில் மனநலத்துக்கு என்று தனியாக எதுவும் இல்லை. அந்த இடத்தை நாம்தான் நிரப்பக் கேட்க வேண்டும்.

கொடைக்கானலை மறந்துவிடாதீர்கள். அங்கே கல்நார் இல்லை, பாதரசம். தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு 2016இல்தான் வந்தது. நடுவில் 15 வருஷம். அந்த 15 வருஷமும் ஒவ்வொரு தலைவலிக்கும் அந்தக் குடும்பங்கள் என்ன நினைத்திருக்கும்? பிரான்ஸ் நீதிமன்றம் சொன்ன 'ஓயாத கவலை' நமக்கு அந்நியமான விஷயம் இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகள். கல்நார் வேலை பார்த்தவர்களின் மாநிலப் பதிவேடு வேண்டும், காண்ட்ராக்ட் தொழிலாளிகளையும் சேர்த்து. அவர்களுக்கான மருத்துவப் பரிசோதனை நாளில் நெஞ்சு மருத்துவரோடு மனநல ஆலோசகரும் உட்கார வேண்டும். 'ஒன்றும் இல்லை, போ' என்று முடிவைக் கையில் திணித்து அனுப்பக் கூடாது. தீர்ப்பின்படி பதிவேடு வைக்காத ஆலைகள் மேல் நடவடிக்கை வேண்டும். பயத்தையும் இழப்பாகக் கணக்கில் எடுக்கும் சட்டத்திருத்தம் வேண்டும். கடைசியாகச் சொன்னது உடனே நடக்காது, எனக்கும் தெரியும். ஸ்காட்லாந்திலும் உடனே நடக்கவில்லை.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. கேட்டுக்குங்க. பீடி, சிகரெட் பிடிக்கிறவங்க விட்டுடுங்க. கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு ஏறும். நீங்களே குறைக்கக்கூடிய அபாயம் அது. வீட்டுக்கு மேல் ஷீட் இருக்கேன்னு இன்னைக்கு ராத்திரியே பதறாதீங்க. உடையாமல் நல்ல நிலையில் இருக்கிற கூரையால் ஆபத்து குறைவு. அதை அறுக்கிறது, துளை போடுறது, உடைக்கிறது, காய்ந்த துடைப்பத்தால் கூட்டுறதுதான் ஆபத்து. புயல் அடிச்சு உடைந்து கிடந்தால் தண்ணி ஊத்தி நனைத்த பிறகு எடுங்க. ஐந்து வருஷமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவங்க வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன், மனைவி இரண்டு பேருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். நிறையப் பேருக்கு இது தெரியாது. மருத்துவரைப் பார்க்கும்போது 'இருமல்' என்று மட்டும் சொல்லாமல், 'நான் கல்நார் வேலை பார்த்தவன்' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்க.

தூக்கம் வரலை, எதிலும் பிடிப்பில்லை, திரும்பத் திரும்ப அதே நினைப்பு வருது, செத்துடலாமான்னு தோணுதுன்னா, அது பலவீனம் இல்லை. 14416. டெலி மானஸ். நாள் முழுக்க எப்போது வேணா கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநலச் சிகிச்சை உங்களுக்கு உரிமை, யாரும் போடுற பிச்சை இல்லை.

இணையத்தில் படிக்கிற இளைய தோழர்களுக்கு ஒரு வேலை. உங்க அப்பாவோ தாத்தாவோ மாமாவோ இந்த மாதிரி இடத்தில் வேலை பார்த்திருந்தால், எந்த ஆலை, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, என்ன வேலை, கூட யார் யார் இருந்தாங்க என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்க. சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், பழைய அடையாள அட்டை, எது இருந்தாலும் போட்டோ எடுத்து வையுங்க. கேட்கும்போது அவர் பேச ஆரம்பிப்பார். போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்க.

இங்கே வந்திருக்கிறவங்களுக்கு, வாசல் பக்கம் மேசை போட்டு நம் தொழிற்சங்கத் தோழர்கள் உட்கார்ந்திருக்காங்க. பெயர், ஆலை, வருஷம் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. காண்ட்ராக்டில் வேலை பார்த்ததால் ஆதாரம் எதுவும் இல்லைன்னு சொல்றவங்களும் வாங்க, அவங்க விவரத்தைத்தான் முதலில் எழுதணும்.